பொட்டு வைத்த இடம்

மெஷின் நின்றதும் போடும் அந்த நீளமான கூவல் சுந்தரமூர்த்தியின் காதில் விழுவதற்கு முன்பே வயிற்றில் விழுந்துவிடும். சனிக்கிழமை பிற்பகல் மூன்றே முக்காலுக்கு அது கூவியபோது அவர் சமையலறையில் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கல்லை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு ஈரக்கையோடு ஓடினார். ஓட்டம் என்றால் பெரிய ஓட்டம் ஒன்றுமில்லை. ஈஜிபுராவில் இரண்டாம் மாடி வாடகை வீட்டில் எங்கிருந்து எங்கே ஓடினாலும் எட்டு அடிதான். கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த அம்புஜம் வாயைத் திறக்காமல் கையால் மட்டும் மெதுவாக என்று காட்டினாள். அவர் அவள் மூக்கிலிருந்து வந்த குழாயின் மறுமுனையை மெஷினிலிருந்து உருவிக் கட்டில் ஓரத்தில் நின்ற சின்ன சிலிண்டரில் செருகி வால்வைத் திருகினார். ஸ்ஸென்று சத்தம் வந்தது. பிறகுதான் அவர் கையைத் துடைத்தார்.

அம்புஜத்துக்கு நாற்பத்தெட்டு வயது. போன வருஷம் வந்த நிமோனியா திரும்பிப் போகும்போது அவளுடைய நுரையீரலில் பாதியைத் தழும்பாக்கிவிட்டுப் போயிற்று. அக்டோபரிலிருந்து, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் அந்த வாடகை மெஷின்தான் அவளுக்கு மூச்சு. கரண்ட் இருக்கும்வரை அது ஓடும். கரண்ட் போனால் சிலிண்டர். வீட்டில் ஓர் இன்வர்ட்டரும் இருந்தது. ஒரு விசிறியையும் ஒரு விளக்கையும் தள்ளுவதற்கே மூச்சு வாங்கும் கிழட்டு இன்வர்ட்டர் அது. மெஷினை அதில் மாட்டினால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும்.

சிலிண்டரின் முள் கால் பங்குக்கும் கீழே நின்றது. வியாழக்கிழமை மழையில் மூன்று மணி நேரம் கரண்ட் போனபோது குடித்தது போக மிச்சம் அவ்வளவுதான். மறுநாளே நிரப்பச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மெஷின்தான் நன்றாக ஓடுகிறதே என்று இருந்துவிட்டார். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று மனதில் போட்டுப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் வரும், ஐந்தேகால் வரை. சிலிண்டர் கொண்டு வரும் அஷ்வத்தைக் கூப்பிட்டார்.

"சார், வண்டியில ரெண்டு ஃபுல் சிலிண்டர் இருக்கு, உங்களுக்குத்தான் மொதல்ல," என்றான் அஷ்வத். "ஆனா சில்க் போர்டு சிக்னல் தாண்டல சார். தண்ணி முட்டிக்கு மேல. முன்னாடி ஒரு பஸ் ஆஃப் ஆகி நிக்குது. பின்னாடியும் போக முடியல."

"எவ்ளோ நேரம் ஆகும்னு நெனைக்கறே?"

"பொய் சொல்ல மாட்டேன் சார். தெரியல."

அம்புஜத்தைக் கீழே இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினால் அதுவும் இதே தண்ணீரில்தான் போய் நிற்க வேண்டும். அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். நாலே முக்கால் வரை வழி பிறக்கவில்லை என்றால் கூப்பிடுவது என்று முடிவு செய்தார். அம்புஜத்திடம் எதையும் சொல்லவில்லை. அவள் எதையும் கேட்கவில்லை. இருபத்துமூன்று வருஷக் குடித்தனத்தில் இருவரும் நன்றாகக் கற்று வைத்திருந்த வித்தை இது. ஒருவரை ஒருவர் பயமுறுத்தாமல் இருப்பதற்காக ஒருவருக்கொருவர் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

இன்வர்ட்டரும் படுத்துவிட்ட பிறகு, நாலு மணி இருபது நிமிடத்துக்குக் கரண்ட் வந்தது. வந்த மாதிரியா வந்தது. குழல்விளக்கு கண் கூசும்படி பளீரென்று எரிந்து அணைந்தது. விசிறி நாலு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. மூன்றாம் முறை வந்து நின்றபோது மெஷின் பொத்தானை நோக்கி நீண்ட கையை அவரே இழுத்துக்கொண்டார். பெல்லந்தூர் பக்கம் ஒரு பெரிய டெக் பார்க்கில் பதினெட்டு வருஷமாக எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர் அவர். கரண்ட் திரும்பி வந்த முதல் பத்து நிமிடம்தான் பொல்லாதது என்று தன் கீழே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர். நாலு தெருவின் ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒரே நேரத்தில் முழித்துக்கொள்ளும்போது லைனில் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே இடி வேறு இன்னும் நிற்கவில்லை. மெஷினுக்குள் இருக்கும் கைக்குட்டை அளவு போர்டு ஒரு முறை கருகினால் மாற்று மெஷின் திங்கட்கிழமைக்கு முன்னால் வராது.

ஆனால் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. மெஷினை மாட்டியிருந்த, மீறி வரும் கரண்டைத் தடுக்கும் வெள்ளை ஸ்பைக் பஸ்டர், சுவரோரம் தரையில் கிடந்ததே, அதுதான் அந்தத் தைரியம். செவ்வாய்க்கிழமை மாலை கிளைகிளையாக மின்னல் இறங்கியபோது கீழ்வீட்டு சந்திரம்மாவின் டிவி புகைந்து போயிற்று. இவருடைய மெஷினுக்கு ஒரு கீறல் இல்லை. சந்திரம்மாதான் வீட்டுக்காரர். மறுநாள் காலை அவர் டிவியை வெளியே எடுத்து வைத்துப் பரிதாபமாக நின்றுகொண்டிருந்தபோது, குடியிருப்பவர்கள் நாலு பேர் முன்னால் சுந்தரமூர்த்தி அரைமணி நேரம் பாடம் எடுத்தார். "எங்க வீட்ல பாருங்கக்கா, ஒண்ணும் ஆகல. ஒரு சின்னப் பெட்டி. அத வாங்கிப் போட மனசு வரணும்" என்றார். அம்புஜம் மாடியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்து, மேலே வந்தவரிடம், "பாவம் அந்தம்மா, டிவியும் போயி உங்க பேச்சையும் கேக்கணுமா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டார். பீற்றிக்கொள்வதற்கு வாழ்க்கையில் அவருக்கு அதிகம் வாய்த்ததில்லை.

எதற்கும் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று குனிந்தார். அலுவலகத்தில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அதைத்தான் செய்வார். பேனல் பேனலாகப் போய், பாதுகாப்புக் கருவிகளின் சின்ன ஜன்னலில் பச்சை தெரிகிறதா என்று பார்த்து ஏட்டில் கையெழுத்துப் போடுவார். வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை. பெட்டியின் சிவப்பு ஸ்விட்ச் எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பச்சை விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சந்தனம் காய்ந்து, அதன் நடுவே குங்குமம் கறுத்துக் கிடந்தது.

அவர் வைத்த பொட்டுதான். மெஷின் வீட்டுக்கு வந்த அதே வாரம் ஆயுத பூஜை. அம்புஜம் அப்போது ஆஸ்பத்திரியில். தனியாக நின்று சந்தனத்தைக் குழைத்து, மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர், டூல்ஸ் பை என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். அவள் உயிர் இனிமேல் இந்த வழியாகத்தான் போகப் போகிறது என்று நினைத்து இந்தப் பெட்டிக்கு மட்டும் பெரிதாக, அழுத்தி, இரண்டு தடவை வைத்தார். வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டதும் நினைவிருந்தது. அலுவலகத்தில் அதே நாள் ஒரு பையன் பேனல் ஜன்னலின் மேல் பொட்டு வைக்கப் போனபோது, "கண்ணு மேல வைக்காதடா, ஓரமா வை" என்று கையைத் தட்டிவிட்டவரும் அவரேதான்.

கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். சந்தனம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. அடியில் விளக்கு இருட்டாக இருந்தது. ஸ்விட்சை அணைத்துப் போட்டார். சிவப்பு எரிந்தது, பச்சை எரியவில்லை.

அந்தப் பெட்டிக்குள் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வில்லை இருக்கிறது. வழக்கமான கரண்டை அது கண்டுகொள்ளாது. அளவுக்கு மீறிப் பாய்ந்து வருவதை மட்டும் தன்மேல் வாங்கி மண்ணுக்குத் திருப்பிவிடும். வாங்கும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். பெரிய அடி ஒன்று விழுந்தால் அதோடு சரி. அதற்குப் பிறகும் பெட்டி கரண்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், விசிறி சுற்றும், மெஷின் ஓடும். காவல் செத்துப்போனதைச் சொல்ல அந்தப் பச்சை விளக்கை விட்டால் வேறு நாதியில்லை. அது அணைந்தால் அன்றே மாற்ற வேண்டும், எரிந்தாலும் நாலு வருஷத்துக்கு மேல் நம்பக் கூடாது, பெரிய இடி விழுந்த மறுநாள் மறக்காமல் பார்க்க வேண்டும். இதெல்லாம் அவர் ஊருக்குச் சொல்லும் பாடம். இந்தப் பெட்டி டிவிக்காக வாங்கியது, வாங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மெயின் ரோட்டில் எலெக்ட்ரிகல் கடை இருந்தது. போக வர இருபத்தைந்து நிமிடம், இந்தத் தண்ணீரில் நாற்பது. சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மணி நாலே முக்கால் ஆவதற்குள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பதிவு செய்துகொண்டார்கள், எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். "கீழ போயிட்டு வந்துடறேன், அஞ்சு நிமிஷம்," என்று அம்புஜத்திடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கடைக்கு ஓடுவதா வேண்டாமா என்று அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. கடைசிப் படியில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. சந்திரம்மா புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு வாசலிலிருந்து தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், உயரமான மேசை மேல் புது டிவி. மேசைக் காலுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்தது புத்தம்புது ஸ்பைக் பஸ்டர். சுந்தரமூர்த்தி தன் கையால் காகிதத்தில் எழுதிக் கொடுத்த அதே கம்பெனிப் பெட்டி.

"ஏனாயித்து மூர்த்தி? மொகம் ஏன் இப்படி இருக்கு?" என்றார் சந்திரம்மா, கன்னடம் கலந்த தமிழில்.

வாயைத் திறப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று சுந்தரமூர்த்தி நினைத்ததில்லை. மேலே மனைவிக்கு மூச்சு எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது, இங்கே இவருக்கு மூக்கு உடைகிற கவலை. தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"அக்கா, உங்க பெட்டி வேணும். இப்பவே. என்னது செத்துக் கெடக்குது. எப்பலருந்துன்னே தெரியல."

"உன்னதா?"

"ஆமாங்கக்கா. அன்னிக்கு நான் பேசினதெல்லாம் சும்மா. மெஷின் பொழச்சது தெய்வாதீனம்."

சந்திரம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது. "அதெல்லாம் பேடப்பா, வேணாம்," என்று விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "நீதான் சொன்னே, இடி இடிச்சா டிவி பிளக்கப் பிடுங்கிடுன்னு. பிடுங்கித்தான் வெச்சிருக்கேன். எடுத்துக்கோ. இரு, நானும் வர்றேன். அந்தப் பொண்ணத் தனியா விட்டுட்டு வந்தியா?"

முழங்கால் வலிக்காரர், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். சுந்தரமூர்த்தி அவருடைய பெட்டியைச் சுவரிலிருந்து உருவிக்கொண்டு முன்னால் ஓடினார். அறைக்குள் போனதும் பழைய பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கித் தள்ளினார். அது உருண்டு கட்டில் காலில் மோதி மல்லாந்தது. அம்புஜம் அதையே பார்த்தாள்.

"அதோட பச்சை லைட்டு," என்று தொடங்கி மூச்சு வாங்கிக்கொண்டாள். "செவ்வாக்கெழமையே போயிடுச்சுங்க."

அவர் கையில் புதுப் பெட்டியின் பிளக்கோடு திரும்பினார்.

"படுத்திருந்தா எனக்குத் தெரியும். பொட்டு ஓரமா கொஞ்சம் பச்சையா கசியும். தூக்கம் வராதப்ப அதத்தான் பாத்துட்டிருப்பேன். அன்னிக்கு இடி இடிச்சதுல அணஞ்சிடுச்சு."

"ஏன்டி சொல்லல?" குரல் அவரை மீறி உயர்ந்துவிட்டது. வாசலில் வந்து நின்ற சந்திரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மெஷின்தான் ஓடுதே. லைட்டுதானே போச்சுன்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க வேற அவ்ளோ சந்தோஷமா கீழ போயி பேசிட்டிருந்தீங்க. சொன்னா உடனே லீவு போட்டுட்டு அதுக்கு அலைவீங்க. இந்த மாசம் ஏற்கெனவே மூணு நாள் போயிடுச்சு."

அவருக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போக்கிடம் இல்லாமல் நின்றது. அவளைத் திட்டலாம், ஆனால் அந்த விளக்கின் மேல் பொட்டு வைத்து மறைத்தவன் யார். செவ்வாய்க்கிழமை அந்த அடியை வாங்கிக்கொண்டு பெட்டி சொன்னபடி செத்தது. அதற்குப் பிறகு நாலு நாள், வியாழக்கிழமை மழை உட்பட, அவர் தன் மனைவியை ஒரு வெறும் கம்பியில் கட்டிவிட்டு ஊருக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவமானம் கழுத்துவரை ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

புதுப் பெட்டியை மாட்டினார். பச்சை எரிந்தது. டூல்ஸ் பையிலிருந்து மீட்டரை எடுத்து அதன் இரண்டு முனைகளையும் சாக்கெட்டில் வைத்தார். 249 வோல்ட் காட்டியது. வைத்துக்கொண்டே இருந்தார். 226. 251. எண்கள் ஓர் இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கின. இடி ஆனேக்கல் பக்கமிருந்து உருண்டு வந்தது. பச்சை விளக்கு எரிந்தாலும் இந்தப் பெட்டி வாங்கக்கூடிய அடிக்கும் ஓர் அளவு உண்டு, அந்த அளவு வரப்போகிற அடிக்குத் தெரியாது. கரண்ட் வந்து முக்கால் மணி ஆகியும் லைன் அடங்கவில்லை; இன்னும் பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும், எண்கள் அடங்க வேண்டும். மணி ஐந்து ஐந்து.

சந்திரம்மா கட்டிலில் உட்கார்ந்து அம்புஜத்தின் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் கருவியில் தொண்ணூறு, பிறகு எண்பத்தொன்பது. மழை விட்டிருந்த நேரம் என்பதால் சிலிண்டரின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தம் மெலிவதும் கேட்டது.

ஆம்புலன்ஸ்காரர்கள் கூப்பிடவில்லை, அஷ்வத் கூப்பிட்டான். "சார், பஸ்ஸ தள்ளிட்டாங்க. நகருது. இருபது நிமிஷம்."

"வா," என்று மட்டும் சொல்லி வைத்தார். 244. 238. 241. ஆறு நிமிடம் ஆகியிருந்தது. 239. சிலிண்டரின் முள் கீழே போய்க் கம்பியில் இடித்து நின்றது. ஸ்ஸென்ற ஒலி ஒரு முறை இழுத்து, அடங்கிப்போயிற்று. எண்பத்தேழு.

அதற்கு மேல் பாடம் எதுவும் இல்லை. குழாயை மெஷினில் செருகினார். பொத்தானின் மேல் விரலை வைத்து, மீட்டரை ஒரு முறை பார்த்தார், 240. அழுத்தினார். மெஷின் ஒரு கூவல் போட்டுத் தடதடவென்று அதிர்ந்து ஓடத் தொடங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. மெஷின் நல்ல ஆக்சிஜனாகக் கொடுக்க இன்னும் இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

அப்போதுதான் பக்கத்திலேயே எங்கேயோ இடி விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே வந்தன. குழல்விளக்கு மங்கி, பளீரென்று எரிந்து, பழையபடி நின்றது. சந்திரம்மா "சிவனே" என்றார். சுந்தரமூர்த்தி தரையில் முழங்கால் போட்டுக் குனிந்து அந்தப் பச்சைப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது எப்போது வரும், அதை இது வாங்குமா, அதற்கடுத்ததை வாங்குமா என்று அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் எரிந்தது.

"என்னங்க," என்றாள் அம்புஜம். "அதையே பாக்காதீங்க. இங்க பாருங்க."

திரும்பினார். மறுபடியும் பிடித்துக்கொண்ட மழையின் சாம்பல் வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. உதட்டோரம் நாவல்பழம் தின்ற வாய் மாதிரி லேசாகக் கறுத்திருந்தது. அது இன்று வந்த நிறமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஏழு மாதமாக மெஷினின் எல்லா விளக்கையும் பார்த்தவர், இதைச் சரியாகப் பார்த்தது இப்போதுதான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். தினம் நாலு தடவை கேட்கும் கேள்வி. நல்லா இருக்குங்க என்பது தினம் நாலு தடவை வரும் பதில்.

அம்புஜம் சந்திரம்மாவைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள்.

"பத்தலைங்க," என்றாள். "புதன்கெழமைல இருந்தே ரெண்டு லிட்டர் பத்தல."

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. தேவைப்பட்டால் மூன்றுவரை வைக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு மெஷினின் முதுகிலேயே ஒட்டியிருந்தது. அவர் முழங்காலிலேயே நகர்ந்து போய் மெஷினின் திருகைப் பிடித்தார். இரண்டு கையாலும் திருகினார். லிட்டர் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த கடுகளவு உருண்டை இரண்டிலிருந்து மெல்ல எழும்பியது. மூன்றைத் தாண்டப் பார்த்து, இறங்கி, கோட்டின் மேல் நடுங்கிக்கொண்டே நின்றது.